மூன்றாம் லேனில் ஒரு கும்பிடு

நீச்சல் குளத்தில் ஒருவர் கால் இன்னொருவர் மேல் பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பலகையில் எழுதியிருக்கவில்லை. மற்றதெல்லாம் எழுதியிருந்தது. குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது. நைட்டியோடு வரக்கூடாது. தொப்பி கட்டாயம். லேனில் இடப்பக்கமாகப் போய், இடப்பக்கமாகவே திரும்பி வர வேண்டும். நடுவில் நிற்கக்கூடாது. கால் படுவதைப் பற்றி மட்டும் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. நான் சொல்ல வந்தவருடைய கதை முழுவதும் அந்த எழுதாமல் விட்ட இடத்தில்தான் நடந்தது.

குளம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரும் வழியில் இருந்தது. மாதப் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வரலாம். காலை ஏழு மணிக்கு லேடீஸ் பேட்ச். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு என்னைக் கைவிட்டிருந்தது. நீச்சல் அடித்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிறு வயதில் கற்றுக்கொண்ட நீச்சல் எப்படியோ மிச்சம் இருந்தது. என்னிடம் இல்லாதது பொறுமை. வரிசையில் ஒருவர் குறுக்கே புகுந்தால் எனக்கு அந்த நாளே கெட்டுவிடும். எங்கள் அபார்ட்மெண்டில் தண்ணீர் லாரி வரும் நேரத்துக்குக் காரை யார் எங்கே நிறுத்த வேண்டும் என்று சண்டை போட்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவளே நான்தான். அப்படிப்பட்டவளுக்கு லேன் விதிமுறையைப் படித்ததும் உள்ளம் குளிர்ந்துவிட்டது.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அது கெட்டது. மூன்றாம் லேன் மெதுவாகப் போகிறவர்களுக்கு. நான் ஒழுங்காக இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போனவருடைய கால் என் தோளில் பட்டது. பலமாகக்கூடப் படவில்லை. நான் தொடர்ந்து கையை வீசுவதற்குள் அவர் நின்றுவிட்டார். லேனின் நடுவில் எழுந்து நின்று, திரும்பி, என் தோளை விரல்களால் தொட்டார். பிறகு நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதே விரல்களை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு நிதானமாகக் கண்ணாடியை இறக்கி, ரப்பரைச் சரிசெய்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் எனக்குப் பின்னால் வந்தவள் என் மேல் இடித்து, அவளுக்குப் பின்னால் வந்தவள் அவள் மேல் இடித்து, மூன்றாம் லேன் மேடவாக்கம் கூட்ரோடு ஆகிவிட்டது.

கரையிலிருந்து கோச் விசில் ஊதினாள். பல்லாவரத்துப் பெண். வயதில் எல்லோருக்கும் சின்னவள், அதட்டுவதில் பெரியவள்.

"யக்கா, இன்னாக்கா இது? நட்டநடு லேன்ல நின்னுகினு கும்புடு போட்டுகினு கீற. பின்னாடி டிராபிக்கு நிக்குது பாரு."

"கால் பட்டுடுச்சும்மா."

"தண்ணிக்குள்ளதானக்கா பட்டுச்சு?"

"தண்ணிக்குள்ள பட்டா அது கால் இல்லியா?"

கோச் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு அடுத்த லேன் பக்கம் போய்விட்டாள். அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அன்று முழுவதும் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில்கூட எனக்குக் கவனம் நிற்கவில்லை.

நாம் எல்லோரும் செய்வதுதான் இது. பஸ்ஸில் கால் பட்டால் தொட்டுக்கொள்கிறோம். அவசரத்தில் கை பாதி தூரம் போய், காற்றைத் தொட்டு, கன்னத்தருகே வந்து மறைந்துவிடும். தொட்டதாக நாமும் நினைத்துக்கொள்வோம், பட்டவரும் நினைத்துக்கொள்வார். அன்று என் தோளைத் தொட்டவருக்கு மட்டும் அந்தப் பாதிக் கும்பிடு தெரியாது. யார் மேல் பட்டதோ அவரைத் தொட வேண்டும், கண்ணில் ஒற்ற வேண்டும். ஒருநாள் சுவரோரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "கண்ணாடியைக் கழட்டாம அது மேலயே ஒத்திக்கலாமேக்கா. ஜனங்க காத்திருக்காங்க."

"அது பிளாஸ்டிக்கும்மா," என்றார். சொன்ன விதத்தில் கோபமே இல்லை. எனக்கு இது தெரியாதது பற்றி ஒரு சின்ன ஆச்சரியம்தான் இருந்தது.

அவர் நீந்தியது தவளை நீச்சல். அதுதான் வினை. தவளை நீச்சலில் கால் பின்னால் போகாது, இரண்டு பக்கமும் விரிந்துபோய்ச் சேரும். கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்பவர், ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காக வந்தவர். ஆனால் அந்தக் கால்களில் இருந்த பலத்தைப் பார்த்தால் வலி யாருக்கு என்று சந்தேகம் வரும். எதிரில் வருகிறவர், பின்னால் வருகிறவர், ஓரத்தில் சும்மா நிற்கிறவர் என்று ஒரு காலையில் எத்தனையோ பேர் மேல் படும். அத்தனை முறையும் நிற்பார், தொடுவார், கண்ணாடியை ஏற்றுவார், ஒற்றுவார். குளத்தில் இறங்கும் முன்பும் ஏணியில் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கால் வைக்கப் போகிறாரே, அதற்காக முன்கூட்டியே.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. குளத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. தொப்பியும் கண்ணாடியும் போட்ட பிறகு எல்லோரும் ஒரே மாதிரி. எனக்கோ மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர்தான். அவரை மூணாவது லேன் அக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

முந்திப் போவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவருடைய குதிகாலை விரலால் ஒரு தட்டுத் தட்டினால், அவர் சுவர் வரை போய் ஒதுங்கி வழி விடுவார். கோச் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். சேலையூரில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுடைய லேனில் கூட்டம் என்று ஒருநாள் எங்கள் லேனுக்கு வந்துவிட்டாள். வந்த வேகத்தில் அக்காவின் குதிகாலைத் தட்டினாள்.

அக்கா நின்றார். திரும்பினார். ஈரக் கையை அந்தப் பெண்ணின் தொப்பி மேல் வைத்து, "நல்லா இரும்மா," என்றார்.

அந்தப் பெண் விழித்தாள். "ஆன்ட்டி, நான் ஓவர்டேக் பண்ணணும்."

"பண்ணிக்கோம்மா. நல்லா இரு."

தன் காலைத் தொட்டால் வேறு எதற்குத் தொடுவார்கள் என்பது அவர் எண்ணம். கோச் பலமுறை விளக்கியும் அந்த எண்ணம் மாறவில்லை. மாறாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் பெண் போட்டியில் பதக்கம் வாங்கி வந்துவிட்டாள். வாங்கிவந்து, லேடீஸ் பேட்ச் முழுவதற்கும் கேட்கும்படி, ஆன்ட்டி காலைத் தொட்டதால்தான் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மகனுக்குப் பரீட்சை, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டுக்காரருக்கு இன்டர்வியூ, எது என்றாலும் மூன்றாம் லேனில் ஒரு தட்டு. முந்தத் தேவையே இல்லாதவர்கள் எல்லாம் தட்டினார்கள். நான் கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வேன்.

முதுகு ஸ்கேன் எடுக்க வேண்டிய நாள் வந்தது. அதற்கு முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே யோசனை. காலையில் குளத்தில் அக்காவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். என் கை தானாக நீண்டு குதிகாலைத் தட்டியது. அவர் நின்று திரும்பினார். நான் முந்தப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்; ஸ்கேன் பற்றியும் ஆபரேஷன் பயம் பற்றியும் இறங்கும்போதே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நல்லா இரும்மா. கத்தி படாம சரியாப் போயிடும்."

சரியாகப் போயிற்று. அதை நான் அவர் கணக்கில் எழுதவில்லை, டாக்டர் கணக்கில்தான் எழுதினேன். ஆனாலும் அந்தக் கை என் தலையில் இருந்த நேரம் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது. இது உண்மை.

வெளியில் அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். நூல் புடவையும் தோளில் பையுமாக ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "முதுகு எப்படிம்மா இருக்கு?" என்றார். அபார்ட்மெண்டில் யாரோ என்று நினைத்து, "இருக்குங்க," என்று ஒரு மரியாதைச் சிரிப்பு சிரித்துவைத்தேன். பஸ் வந்தது, கூட்டம் நெருக்கியது. படியில் ஏறும்போது அந்த அம்மாளின் செருப்பு என் கணுக்காலில் பட்டது. அவர் அவ்வளவு நெரிசலிலும் பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றும் முன், இல்லாத நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றப் போன விரல்களைப் பார்த்தேன்.

"ஐயோ, நீங்களாக்கா."

"பின்ன வேற யாரு," என்றார். கண்களைச் சுற்றி ரப்பர் பதிந்த வட்டம் அப்போதுகூட அழியாமல் இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. அந்த முகத்தை நான் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்துவைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. யோசித்தால் அந்த வட்டம்தான் வருகிறது, முகம் வருவதில்லை.

அவரிடம் எங்களுக்கு இருந்த பெரிய தொல்லை கும்பிடு அல்ல. அவர் பாதி லேனில் திரும்பிவிடுவார். குளத்தின் பாதியில் தரை சரிந்து ஆழமாகும், ஓடுகளின் நீலம் கறுக்கும். அந்தச் சரிவு வந்ததும் அக்கா அப்படியே திரும்பி வந்துவிடுவார். ஒருவழிப் பாதையில் எதிரே வருவதுபோல. பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள். முட்டினால் கால் படும். கால் பட்டால் கும்பிடு. ஒருநாள் இரண்டு பெண்களுக்கு நெற்றி வீங்கிவிட்டது. கோச்சுக்குப் பொறுக்கவில்லை.

"யக்கா, நான் சொல்றத கேளு. மாசக் கடைசி வரிக்கும் டைம் தரேன். முழு லேன் போ. இல்லாங்காட்டி அந்தாண்ட பசங்க குளத்துக்குப் பூடு. எனக்கு வேற வழி இல்லக்கா."

பசங்க குளம் முழங்கால் ஆழம். காற்றடைத்த வாத்துகளைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் தண்ணீர் அடித்து விளையாடும். அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டார். கோச் சொன்னதில் தப்பில்லை. விதிமுறைக்காரியான நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு மூன்றாம் லேனில் அவர் இல்லாத காலையை நினைத்துப் பார்த்தேன். லேன் ஒழுங்காக ஓடும். நான் எதற்காக எழுந்து வருவேன் என்று தெரியவில்லை.

"ஆழம்னா பயமாக்கா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லம்மா. நீச்சல் தெரியும். எங்கப்பா ஏரியில தள்ளிவிட்டுக் கத்துக்குடுத்தாரு. அந்தப் பக்கம் போனா நிக்க முடியாது, அதான். யார் மேலயாவது பட்டுட்டா எப்படி நின்னு தொட்டுக்கிறது?"

"சுவர் வந்ததும் தொட்டுக்கலாமே."

"அதுக்குள்ள அவங்க போயிட்டா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சுவரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். முதல் ஷிஃப்ட். விடியும் முன்பே மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் வந்துவிடும். ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையைக் கொடுக்க அவசரமாக ஓடி வந்த அக்காவின் கால் அவர் முதுகில் பட்டுவிட்டது.

"தொட்டுக்கோடின்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. நான், பஸ்ஸு போயிடும் நீங்க கெளம்புங்க, சாயங்காலம் வந்ததும் தொட்டுக்கிறேன்னேன். சிரிச்சிட்டே போனாரு."

மாரடைப்பு. மிஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம்.

"கொண்டாந்தப்புறம் தொட்டேம்மா. எத்தினி வாட்டியோ தொட்டேன். ஆனா அது வேற. அது இதுக்குக் கணக்கு ஆவாது."

எதையாவது சொல்லியே பழக்கப்பட்ட வாய் என்னுடையது. அன்று தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு நின்றேன். பின்னால் வந்த யாரோ என் காலில் இடித்துவிட்டு நிற்காமல் போனார்கள். அக்கா அவர்களைக் கண்ணால் பின்தொடர்ந்ததைப் பார்த்தேன்.

அன்று மாலையே ஒரு யோசனை வந்தது. லேனில் இரண்டே பேர் இருந்தால் சுற்றி வர வேண்டியதில்லை, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் பக்கத்திலேயே போய் வரலாம். இதுவும் விதிமுறையில் உள்ளதுதான். பேட்ச் முடியப் போகும் நேரத்தில் ஸ்கூல் வேன், சமையல் என்று பெண்கள் கரையேறிவிடுவார்கள். லேன் காலியாகும். அப்போது நாங்கள் இருவர் மட்டும். கோச்சிடம் கேட்டேன். "இன்னாவோ பண்ணு," என்றாள். ஆனால் அன்றிலிருந்து எங்கள் லேனுக்கு வரப் பார்த்தவர்களை விசில் ஊதித் துரத்தியது அவள்தான்.

"வலப்பக்கம் உங்களுக்கு, இடப்பக்கம் எனக்கு," என்றேன். "நான் லேன் கயித்தோட ஒட்டிப் போறேன். உங்க கால் என் மேல படாது. நீங்க நேராப் பாத்துட்டு வாங்க."

அவர் நேராகப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடியே வருவார். காலை முழுதும் விரிக்காமல், கல்யாண வீட்டுப் பந்தியில் இடிக்காமல் நடப்பதுபோல, குறுக்கிக் குறுக்கி அடிப்பார். அப்படி அடித்தால் உடம்பு எங்கே முன்னால் போகும்? சரிவு வந்ததும் திரும்பிவிடுவார். "நாளைக்குப் பாக்கலாம்மா." மறுநாளும் அதேதான். ஒருநாள் எனக்குப் பொறுமை போய், "என் மேல பட்டாதான் என்னக்கா? நான் எங்க போயிடப் போறேன்? சுவத்துலதானே நிப்பேன்," என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாதக் கடைசி நெருங்கியபோது இன்னொரு செய்தி சொன்னார். ஓசூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கோவிலம்பாக்கம் வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டுப் போகிறார். குழந்தை கொஞ்சம் தலை நின்றதும் வந்துவிடுவார். "மழைக்காலம் முடிஞ்சி குளம் தொறப்பாங்கல்ல, அப்ப வந்துடுவேம்மா. பக்கத்துலயே வூடு பாத்துக்கலாம்."

கடைசி நாள் காலை வானம் மூடியிருந்தது. பெண்கள் எல்லோரும் ஏறிப்போன பிறகு நாங்கள் இறங்கினோம். நான் கயிற்றை ஒட்டி, அவர் எனக்கு வலப்பக்கத்தில். சரிவு வந்தது. ஓடுகள் கறுத்தன. அவர் திரும்பவில்லை.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் இந்த முறை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் முழுவதுமாக விரிந்து அடித்தது. அந்தக் கால்களை முழு பலத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல வேகம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் கயிற்றை விட்டு உள்ளே வந்துவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த உதை என் விலாவில் விழுந்தது.

மூச்சு நின்றுவிட்டது. கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். முன்னால் அவருடைய கை நின்றது. தலை திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை என்னை நோக்கி நீண்டதும், நீண்டதால் உடம்பு கொஞ்சம் உள்ளே போனதும், வாய்க்குள் தண்ணீர் போனதும் தெரிந்தது. கீழே நிற்கத் தரை இல்லை.

"போங்கக்கா," என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. கையால் சுவரைக் காட்டினேன்.

அவர் திரும்பினார். சுவரை நோக்கிப் போனார். கை விளிம்பைத் தொட்டது.

"பூட்டியேக்கா," என்றாள் கோச் மேலேயிருந்து. விசில் அவள் வாயிலிருந்து விழுந்து கழுத்தில் ஆடியது.

நான் விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போய்ச் சேர்ந்தேன். இருவரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நான் அடிபட்ட பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தேன், தொட்டுக்கொள்ளட்டும் என்று. கை வந்தது. பாதியில், தண்ணீருக்கு மேலே நின்றது. இத்தனை மாதத்தில் அந்தக் கை பாதியில் நின்று நான் பார்த்ததில்லை.

"இது இருக்கட்டும்மா," என்றார்.

"என்னக்கா?"

"இப்ப தொட்டுக்கல. வந்து தொட்டுக்கிறேன்."

வேண்டாம், இப்போதே தொட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"அன்னிக்குப் போனது அவரு. அவரு வரணுமேன்னு நான் வாசல்ல ஒக்காந்திருந்தேன். இன்னிக்குப் போறது நானு. வர்றது என் கையிலதான இருக்கு?" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஏணியில் ஏறினார். மேலே போனதும் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னை மட்டும் தொடவில்லை.

விலா நீலமாகி, பிறகு மஞ்சளாகி, பிறகு தடமில்லாமல் போய்விட்டது. போகும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. மழை வந்தது, குளத்தை மூடினார்கள். மழை நின்றது, திறந்தார்கள். முதல் நாளே போய்விட்டேன். அவர் வரவில்லை. குழந்தை இன்னும் சின்னது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோச்சின் போனில் "மூணாவது லேன் அக்கா" என்று ஒரு நம்பர் இருந்தது. அடித்தால் வேறு யாரோ ஒரு ஆள் எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கம் போய்த் தெருத்தெருவாகச் சுற்றினேன். யாரை என்று கேட்பது? பெயர் தெரியாது. முகம் சொல்லத் தெரியாது. ஒரு மளிகைக் கடையில், கால் பட்டால் நின்று தொட்டுக்கொள்வாரே, அவர், என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர், "யார்தாம்மா தொட்டுக்காம போறாங்க?" என்றார்.

குளம் இப்போது நன்றாக இருக்கிறது. புது ஓடு, புதுக் கயிறு. லேன் பலகை பெரிதாகி, அம்புக்குறி போட்டுப் படத்தோடு இருக்கிறது. எல்லோரும் ஒழுங்காகப் போகிறார்கள். கால் பட்டால் தண்ணீருக்குள்ளேயே குமிழியாக ஒரு "சாரி" வரும், ஆள் நிற்பதில்லை. யாரும் யார் மேலும் முட்டிக்கொள்வதில்லை. இப்படி ஒரு லேன் வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது. அதில் இடப்பக்கமாகப் போய் இடப்பக்கமாகத் திரும்பி வருகிறேன்.

போன மாதம் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓடி வந்த யாருடைய காலோ என் கணுக்காலில் பட்டது. பட்டவள் என்னைத் தாண்டி ஓடிவிட்டாள். நாலைந்து படி இறங்கியவள் நின்று, கூட்டத்துக்கு எதிராக மேலே ஏறி வந்து, என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். முகத்தைப் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய சின்னப் பெண். ரயில் நின்றுகொண்டிருந்தது.

"என்னக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இரு," என்று கையை விட்டேன். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

சாயங்கால பேட்ச்சில் கூட்டம் குறைவு, நீங்கள் வேண்டுமானால் மாறிக்கொள்ளுங்கள் என்று கோச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஆபீஸ் நேரம் மாறிவிட்டதால் எனக்கு அதுதான் வசதி. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்தது ஏழு மணி பேட்ச்தான். வந்தால் மூன்றாம் லேனில்தான் தேடுவார். அவர் தொட்டுக்கொள்ள வேண்டியது என்னிடம் இருக்கிறது. வரட்டும்.